மதியச் சாப்பாட்டுக்கு முருங்கைக்கீரை அடை

சாதம், குழம்பு, பொரியல் என்று மூன்று அடுப்பு வேலை செய்ய முடியாத நாளில் எங்கள் வீட்டில் அடைதான். தோசையைப் போல மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் ஊறவைத்தால் மதியம் தட்டுக்கு வந்துவிடும்.

இட்லி அரிசி 1 கப், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் அரை அரை கப், உளுந்து 2 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் 5 காய்ந்த மிளகாயோடு 3 மணி நேரம் ஊறவையுங்கள். சோம்பு, பெருங்காயம், கல் உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நைசாக அரைத்தால் அடை மெத்தென்று தோசையாகிவிடும், மொறுமொறுப்பே போய்விடும். மாவும் கெட்டியாக இருக்கட்டும்.

நறுக்கிய சின்ன வெங்காயம், இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை கலந்து, கல்லில் சற்றுத் தடிமனாகப் பரப்புங்கள். நடுவில் விரலளவு ஓட்டை போட்டு அதிலும் ஓரத்திலும் நல்லெண்ணெய் விடுங்கள். அந்த ஓட்டை அழகுக்காக அல்ல, நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடாமல் இருக்கத்தான். தீ மிதமாக இருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே பருப்பு பச்சை வாசனை அடிக்கும்.

அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் (புரதத்தை உருவாக்கும் கூறுகளில் ஒன்று) பருப்பில் தாராளமாக இருப்பதால், இரண்டே அடையில் வயிறும் நிறையும், நல்ல புரதமும் கிடைக்கும். தொட்டுக்கொள்ள அவியல் இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் வெல்லமும் ஒரு துண்டு வெண்ணெயும் போதும்; எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.