மான்களை எண்ணினால் போதாது: பிறப்புரிமைப் பல்வகைமையை அளக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டுபவருக்குக் கோணேசர் கோயிலுக்கு முன்னரே புள்ளிமான்கள் தென்பட்டுவிடும். உலக அளவில் புள்ளிமான் அருகிவரும் இனமன்று; ஆயினும் வீதிகளும் வீடுகளும் சூழ வாழும் இக்கூட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், அருகிவரும் விலங்குகளின் பிறப்புரிமைப் பல்வகைமையை (மரபணுக்களில் உள்ள வேறுபாடுகளை) அளப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது எளிதில் விளங்கும்.

சறுக்கல் பெரும்பாலும் மாதிரி எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஒரு மரத்தடியில் கிடக்கும் மூன்று புழுக்கைக் குவியல்கள் ஒரே பிணையினுடையவையாகவோ (பெண்மான்), தாயும் குட்டியும் இட்டவையாகவோ இருக்கலாம். குடற்கலங்கள் ஒட்டியிருப்பது புதுப் புழுக்கையின் பளபளப்பான மேற்படலத்தில்தான்; வெயிலில் காய்ந்ததில் டிஎன்ஏ சிதைந்திருக்கும். ஒரு மரபணுவுக்குத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக வரும் வடிவங்களே எதிருருக்கள். சிதைந்த மாதிரியை ஆய்வகத்தில் நகலெடுக்கும்போது அவ்விரண்டில் ஒன்று பெருகாமற்போனால், இதரநுக (இரண்டும் வேறான) விலங்கு ஓரினநுகமாக (இரண்டும் ஒன்றானதாக)த் தோற்றமளிக்கும். எனவே ஒவ்வொரு மாதிரியையும் பலமுறை சோதித்த பின்னரே பதிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது, தனித்தனிக் கூட்டங்களை ஒன்றாகக் கலந்து கணக்கிடுவது. கோட்டை மான்கள் எல்லாம் ஓர் எதிருருவையும், தொலைவிலுள்ள காட்டு மான்கள் எல்லாம் வேறோர் எதிருருவையும் கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலிருந்தும் சம எண்ணிக்கையில் எடுத்துக் கலந்தால் 50 வீதம் இதரநுகம் எதிர்பார்க்கப்படும், கிடைப்பதோ பூச்சியம். உறவுக்குள் இனச்சேர்க்கை நடந்ததற்கு இது சான்றாகாது; இரு கூட்டங்களும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதையே காட்டுகிறது.

இதன் மறுபக்கம், என் கணிப்பில், இதைவிட ஆபத்தானது. எதிர்பார்த்த இதரநுகத்தையும் அவதானித்ததையும் ஒப்பிடும் குறிகாட்டி பூச்சியமாக வந்ததும் உள்ளினப்பெருக்கமே (உறவுக்குள் இனப்பெருக்கம்) இல்லை என்று பலர் ஆறுதலடைகிறார்கள். அக்குறிகாட்டி, கூட்டத்துக்குள் இணைசேர்தல் எழுமாறாக நடக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். எல்லாமே சொந்தங்களாக இருக்கும் கூட்டத்திலும் அது பூச்சியமாக வரலாம். எல்லாமே சொந்தங்களான கூட்டத்துக்கு ஓர் உதாரணம்: நியூசிலாந்தின் சத்தாம் (Chatham) தீவுகளில் 1980 இல் 5 கருங்குருவிகளே (black robin) எஞ்சின. இன்றுள்ளவை அனைத்தும் ஒரே தாய்ப்பறவையின் வழிவந்தவை.

தலைக்கணக்கை நம்புவதும் தவறு. 100 மான்களில் 5 கலைகளும் (ஆண்மான்கள்) 95 பிணைகளுமே இனப்பெருக்கம் செய்தால், பயனுறு எண்ணிக்கை (பல்வகைமையைக் காப்பதில் கூட்டம் எத்தனை விலங்குகளுக்குச் சமம் என்பது) 4×5×95÷100, அதாவது 19 மட்டுமே. தலைமுறைக்குத் தலைமுறை உள்ளினப்பெருக்கம் ஏறத்தாழ 2.6 வீதம் கூடும். தாய்வழி மட்டுமே கடத்தப்படும் இழைமணி (மைற்றோகொண்டிரியா) டிஎன்ஏயை மாத்திரம் பார்ப்பவருக்கு இந்தக் கலைப் பற்றாக்குறை கண்ணிலேயே படாது.

முழு மரபுத்தொகுதியில் (விலங்கின் டிஎன்ஏ முழுவதிலும்) ஓரினநுகமாகத் தொடரும் பகுதிகளை அளப்பது இவற்றைவிட நம்பகமான வழி. நீண்ட தொடர்கள் அண்மைய தலைமுறைகளின் உறவுக் கலப்பையும், குறுகியவை பழையதையும் காட்டும். ஆனால் ஒவ்வோர் இடமும் போதிய தடவை வாசிக்கப்படாத தரவில் இதரநுக இடங்கள் தவறிப்போவதால், இல்லாத தொடர் இருப்பதாகத் தோன்றும்: காய்ந்த புழுக்கையில் நேர்ந்த அதே பிழை, இம்முறை கணினிக்குள்.