'ஸ்வீட்'டா, 'ஸ்வீட்லி'யா: குழப்பம் தீர்ந்த விதம்

தக்கலைக்கு அருகே பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். அவர்களுள் பலர் மார்த்தாண்டம் தேனைப் பற்றி 'தி ஹனி டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி' என்று எழுதுவதற்குக் காரணம் கவனக்குறைவன்று, தமிழின் இயல்பே என்பது போகப்போகத்தான் எனக்குப் புலப்பட்டது. 'தேன் இனிப்பாக இருக்கிறது' என்பதிலும் 'அவள் இனிமையாகப் பாடுகிறாள்' என்பதிலும் நாம் ஒரே 'ஆக' விகுதியைச் சேர்க்கிறோம். ஆங்கிலமோ முன்னதற்குப் பெயரடையையும் ('ஸ்வீட்') பின்னதற்கு வினையடையையும் ('ஸ்வீட்லி') கேட்கிறது.

ஆகவே விதிகளை மனப்பாடம் செய்விப்பதை விட்டு, வினைச்சொல் இருக்கும் இடத்தில் 'இஸ்' என்பதை வைத்துப் பார்க்கச் சொன்னேன். 'தி ஹனி இஸ் ஸ்வீட்' என்று மாற்றினாலும் பொருள் ஏறக்குறைய அப்படியே நிற்பதால், அங்கே 'டேஸ்ட்ஸ்' எழுவாயின் தன்மையைக் கூறும் இணைப்பு வினை, பெயரடையே பொருந்தும். 'ஷீ சிங்ஸ் ஸ்வீட்லி' என்பதில் அப்படி மாற்றினால் பாட்டு மறைந்து அவளுடைய குணம் மட்டும் மிஞ்சும்.

'லுக்', 'ஃபீல்', 'ஸ்மெல்' போன்றவை இரு வகையிலும் வரும். 'ஹீ லுக்டு ஆங்ரி' என்றால் அவன் முகத்தில் கோபம் தெரிந்தது. 'ஹீ லுக்டு ஆங்ரிலி அட் தி டிரைவர்' என்றால் ஓட்டுநரை அவன் கோபத்தோடு பார்த்தான். இந்த இணையை மாணவர்களையே நடித்துக் காட்டச் செய்தது, என் விளக்கங்கள் அனைத்தையும்விட அதிகம் பயன்பட்டது.

'லி' சேராத வினையடைகளுக்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டச் செல்லும் தந்தையைப் பற்றி 'ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்' என்றே எழுத வேண்டும். 'ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அவர் உழைப்பதே அரிது என்றாகிவிடும்.