தள்ளிப்போடும் வேலையா? முதல் வளைவை மட்டும் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா மூன்று மாதக் கணக்கை எழுதாமலேயே வைத்திருந்தார். விடிகாலையிலிருந்து உழைக்கிற மனுஷன், சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. நோட்டைத் திறந்தால் பாக்கி எவ்வளவு என்று தெரிந்துவிடுமே என்கிற பயம், அவ்வளவுதான்.

தள்ளிப்போடுவதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. அந்த வேலை கிளப்பும் பயம், சலிப்பு, குழப்பத்திலிருந்து தப்பிக்கிற வழி அது என்று ஃபூஷியா சிராய்ஸ், திமோத்தி பிச்சில் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். தள்ளிவைத்த நிமிடத்தில் ஒரு நிம்மதி கிடைக்கிறது பாருங்கள், அந்த ருசிதான் மறுநாளும் தள்ளவைக்கிறது. அதனால் தயவுசெய்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள், திட்டத் திட்ட அந்த வேலை இன்னும் கசக்கும்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தாலும் வண்டி ஓட்டுகிறவர் கண் அடுத்த வளைவில்தான் இருக்கும். வேலையையும் அப்படி வெட்டிக்கொள்ளுங்கள். “நாளைக்குக் கணக்கு எழுதணும்” என்று பொதுவாகச் சொல்லாமல், “காலை டீ குடித்து டம்ளரை வைத்ததும் ஒரே ஒரு பில்லை எழுதுவேன்” என்று நேரத்தையும் செயலையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். இப்படி முடிச்சுப் போட்ட திட்டங்கள் நன்றாகவே பலிக்கின்றன என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கியிருக்கிறார். அப்புறம், போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

சித்தப்பா முதல் நாள் ஒரு பில்லோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் ஏழு.