மைதானம் பூட்டிக் கிடக்கும் மாதங்களில் கை மறக்காமல் இருக்க

2020 மார்ச் 18, கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த நாள். குளுவாங் பக்கம் நாங்கள் ஆடும் ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தின் கேட்டில் அன்றே சங்கிலி போட்டுவிட்டார்கள். என் தங்கை மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஜூனில் அவளுக்கு ஒரு போட்டி இருந்தது. நான் பதினோரு வருஷம் கேடியாக, அதாவது ஆட்டக்காரருக்குக் கட்டைப் பை தூக்கித் தூரம் சொல்லும் ஆளாக, இருந்தவள். ஆட்டம் தெரியும், பயிற்சியாளர் சான்றிதழ் எல்லாம் கிடையாது. அந்த மாதங்களில் தப்பும் தவறுமாகக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். புகைமூட்டத்துக்காக மூடினாலும் வெள்ளத்துக்காக மூடினாலும் இதே வழிதான்.

முதலில் காலண்டர். பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுங்கள். அந்த வருஷம் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் எல்பிஜிஏ அமைப்பு பட்ட பாட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. பிப்ரவரியில் கொரிய ஆட்டக்காரர் இன்பீ பார்க் ஆஸ்திரேலிய ஓப்பனை ஜெயித்தார். அதோடு சரி. தாய்லாந்து, சிங்கப்பூர், சீனாவின் ஹைனான் போட்டிகள் மூன்றும் ரத்து. (சிங்கப்பூருக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க நான் சேர்த்து வைத்திருந்த பணம் அரிசிக்கும் மீனுக்கும் போனது.) ஏப்ரலில் இருந்த ஏஎன்ஏ போட்டி செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. ஜூனில் இருந்த அமெரிக்க ஓப்பன் டிசம்பருக்குப் போனது. பிரான்சின் எவியான் போட்டி ஜூலையிலிருந்து ஆகஸ்டுக்கு வந்து, அப்புறம் இல்லவே இல்லை என்றானது. ஜூலை 31-இல் ஒஹாயோ மாநிலத்து டொலிடோவில்தான் மறுபடி ஆட ஆரம்பித்தார்கள், பார்வையாளர்கள் இல்லாமல்.

தேதி மாறினால் தேதி மட்டும் மாறுவதில்லை. அமெரிக்க ஓப்பன் நடந்த ஹூஸ்டனில் டிசம்பரில் பகல் குறைவு. அதனால் முதல் இரண்டு நாளும் ஆட்டக்காரர்களைப் பிரித்து இரண்டு மைதானங்களில் ஆடவிட்டார்கள். நம் ஊரில் டிசம்பர் என்றால் மழை. ஜூனில் விழுந்த பிறகு இருபது அடி உருளும் பந்து டிசம்பரில் சேற்றில் ‘சதக்’ என்று உட்காரும். எங்கள் போட்டி வருஷக் கடைசிக்குத் தள்ளிப்போகும் என்று பேச்சு வந்ததுமே, உருட்டி விடும் அடியைக் குறைத்து, தூக்கிப் போடும் அடியைப் பழக வைத்தேன். போட்டி கடைசியில் நடக்கவே இல்லை. எல்பிஜிஏ 2020-இல் இருந்த தகுதியை 2021-க்கும் அப்படியே வைத்துக்கொடுத்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி யார் கொடுப்பார்கள்? பன்னிரண்டு வயதுப் பிரிவு போனது போனதுதான்.

சரி, வீட்டில் என்ன செய்வது? பட்டிங், அதாவது குழியை நோக்கிப் பந்தை உருட்டுவது, எளிது. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல் சிமெண்டுத் தரையே போதும். கெட்டிப்பால் டின் ஒன்றைப் பத்தடி தள்ளி வைத்து, பந்து அதில் இடிக்கவேண்டும் என்று சொல்லுங்கள். மைதானத்துக் குழி 108 மில்லிமீட்டர் அகலம். டின் அதைவிடச் சிறிது. டின்னில் பழகிய கண்ணுக்குக் குழி கிணறு மாதிரி தெரியும். ஆனால் சிமெண்டில் பந்து வேகமாக ஓடும் என்பதால் தூரக் கணக்கு பழகாது, நேர் மட்டும்தான் பழகும். தூரத்துக்குப் பழைய கம்பளியை விரித்துக்கொள்ளுங்கள்.

முழு வீச்சுக்கு உண்மையான பந்து வேண்டவே வேண்டாம். துணிக்கொடியில் சாரத்தை (கைலியை) கட்டி அதில் அடிக்கலாம் என்று நான் நினைத்தேன். மூன்றாவது அடியில் பந்து சாரத்துக்கு மேலே போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தது. கண்ணாடிக்கு நாற்பது வெள்ளி (ரிங்கிட்), அந்த அக்கா இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம்தான் பேட்மிண்டன் இறகுப்பந்து நினைவுக்கு வந்தது. இறகு பிய்ந்தவை எந்த வீட்டிலும் கிடக்கும். புல்லில் வைத்து அயனால் (இரும்புத் தலைக் கட்டையால்) அடித்தால் கொஞ்ச தூரத்திலேயே விழுந்துவிடும். நேராக அடித்ததா, வெட்டி அடித்ததா என்று அது போகும் போக்கிலேயே தெரியும். ஒரு நாளைக்கு அறுபது வீச்சு போதும். முதல் வாரம் நான் முந்நூறு அடிக்க வைத்து, பிள்ளையின் மணிக்கட்டு வீங்கி, பத்து நாள் ஒன்றும் செய்யாமல் உட்கார வேண்டியதாயிற்று.

இனி, எனக்குப் பிடித்த பாடம். டொலிடோவில் கேடி இல்லாமலும் ஆடலாம் என்று எல்பிஜிஏ சொன்னதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. பிறகு யோசித்தேன்: பக்கத்தில் ஆள் இல்லை என்றால் தூரத்தை யார் சொல்வது? பிள்ளையே சொல்லவேண்டும். 2010-இல் சைம் டார்பி பெயரில் எல்பிஜிஏ கோலாலம்பூருக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். அங்கே கேடிகள் தூரம் குறித்த புத்தகமும் கையுமாகவே இருந்தார்கள். எங்களிடம் அந்தப் புத்தகம் இல்லை, செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கிறது. செம்பனையை மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு நடுவார்கள். ஒரே வரிசையில் பத்து இடைவெளி என்றால் 90 மீட்டர். கெஜக் கணக்கில் நூறுக்குக் கொஞ்சம் குறைவு.

சாயங்காலம் லயத்து ஓரத்தில் நின்று ஒரு மரத்தைக் காட்டி, “எத்தனை மரம்?” என்று கேளுங்கள். பிள்ளை கண்ணால் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் நடந்து எண்ணட்டும். சொன்னது, எண்ணியது இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். இது அளக்க மட்டும்தான்; தோட்டத்துக்குள் பந்து அடிக்காதீர்கள், குலை வெட்டுகிறவர்கள் எந்த வரிசையில் நிற்பார்கள் என்று தெரியாது. முதல் வாரம் எங்கள் பெண் நான்கு மரம் வரை தப்பாகச் சொன்னாள். ஒரு மாதத்தில் தப்பு ஒரு மரத்துக்குள் வந்தது.

சலித்துப்போய், “எதுக்குப் பெரியம்மா இதெல்லாம்? போட்டியே இல்லையே” என்று அவள் கேட்ட நாள் உண்டு. அன்று ஜெர்மன் ஆட்டக்காரர் சோஃபியா போபோவின் கதையைச் சொன்னேன். எல்பிஜிஏ நின்றிருந்த மாதங்களில் அவர் அரிசோனாவில் கேக்டஸ் டூர் என்ற சின்னப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார். டொலிடோவில் ஆட இடம் கிடைக்கவில்லை. ஆன் வான் டாம் என்ற ஆட்டக்காரருக்குக் கேடியாகப் பை தூக்கினார். (இங்கே நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.) அடுத்த வாரப் போட்டியில் ஆட இடம் கிடைத்து, முதல் பத்துக்குள் வந்தார்; அதனால் ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூனில் பிரிட்டிஷ் ஓப்பன் ஆடப் போனார். உலகத் தரவரிசையில் 304-ஆவது இடத்தில் இருந்தவர் கோப்பையோடு திரும்பினார். டிசம்பரில் அமெரிக்க ஓப்பனை ஜெயித்த கொரியாவின் கிம் ஆ-லிம் 94-ஆவது இடம். முகக்கவசம் போட்டுக்கொண்டே ஆடினார். அதைப் பார்த்து எங்கள் பெண்ணும் இரண்டு நாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு இறகுப்பந்து அடித்தாள். நான் தடுக்கவில்லை.

கேட் திறக்கும் நாளில் பேராசைப்படாதீர்கள். ஒன்பது குழி போதும், பையில் ஐந்து கட்டை போதும். உள்ளங்கைத் தோல் மெலிந்திருக்கும், கையுறையும் பிளாஸ்திரியும் கட்டாயம். ஸ்கோர் எழுதவேண்டாம்.

நாங்கள் போன அன்று, மூன்றாவது குழியில் பழக்கதோஷத்தில் தூரத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கொடியைப் பார்த்தாள். “பதிமூணு மரம்” என்றாள். ஏழாம் அயனை எடுத்து அடித்தாள். நேராகத்தான் போனது, ஒரு மரம் குறைந்து கிரீனுக்கு (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரைக்கு) முன்னால் இருந்த பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில், விழுந்தது. அந்தக் கிரீன் மேட்டில் இருக்கிறது. மேட்டுக்கு ஒரு மரம் கூட்டவேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.