மிகுபுனைவு வாசிப்பவருக்கு ஓர் எதிர்வினைக் கொப்பி

எண்ணூறு பக்க மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலை நாலு நாளில் வாசித்து முடித்த ஒருவரிடம் “எப்படி இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். “சூப்பர்” என்பார். இன்னும் கேட்டால் கதையைச் சொல்லத் தொடங்குவார். நாலாம் அத்தியாயத்தில் தொண்டை அடைத்ததும், கடைசிப் போரில் மனம் மெல்ல விலகிப் போனதும் அந்தக் கதைச்சுருக்கத்தில் வராது. முடிவு நன்றாக அமைந்தால் நடுவில் பட்ட சலிப்பு மறந்துபோகும். முடிவு பிசகினால், முந்நூறு பக்கம் தந்த மகிழ்ச்சியும் சேர்ந்து அடிபடும். அதனால்தான் எதிர்வினையை அது வந்த பக்கத்திலேயே பிடித்துவைக்க வேண்டும். செலவு ஒரு கொப்பிதான்.

120 பக்க சீஆர் கொப்பி ஒன்று, எச்பி பென்சில் ஒன்று, ஏ4 தாள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை நான்கு முறை பாதியாக மடித்து வெட்டினால் 16 துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7.4 செ.மீ. நீளம், 5.2 செ.மீ. அகலம். எதிர்வினையை எழுதி, அது வந்த பக்கத்திலேயே செருகிவைக்கத்தான் இவை. 400 பக்க நாவலுக்கு 32 துண்டு தாராளம். ஒட்டும் தாள் வாங்கவேண்டாம். கொழும்பின் ஈரக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் பசை பக்கத்தில் ஊறிவிடும். பழுப்பேறிய மலிவுப் பதிப்பாக இருந்தால் இழுக்கும்போது தாளின் மேற்பரப்பும் உரிந்து வரும். கொழும்பு பொது நூலகத்திலோ வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்திலோ இரவல் எடுத்த புத்தகம் என்றால், ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. வெறும் கடதாசித் துண்டு எந்தப் புத்தகத்துக்கும் தீங்கு செய்யாது.

துண்டில் முதலில் எழுதவேண்டியது பக்க எண்ணும் அத்தியாய எண்ணும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வாசிக்கும்போது புத்தகம் கைநழுவினால் துண்டுகள் எல்லாம் கொட்டுண்டு போகும். எண் இல்லாத துண்டை எங்கே திரும்பச் செருகுவது? அத்தியாய எண் இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பதிப்பும் செப்டம்பர் புத்தகக் கண்காட்சியில் தோழி வாங்கிய பதிப்பும் பக்கத்தில் ஒத்துப்போகா. போனில் வாசிப்பவர்களுக்குப் பக்க எண்ணே நிலையில்லை, எழுத்தின் அளவை மாற்றினால் அதுவும் மாறும். அவர்கள் அத்தியாயத்தையும் எத்தனை வீதம் வாசித்தாயிற்று என்பதையும் குறிக்கட்டும்.

தொடங்குமுன் கொப்பியில் அரைப்பக்கம். இந்தப் புத்தகத்தை ஏன் எடுத்தீர்கள், பின்னட்டை என்ன வாக்குக் கொடுக்கிறது, நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள்: இவ்வளவும் போதும். பின்னால் வரும் ஏமாற்றங்களில் பல பின்னட்டை உண்டாக்கியவை. அதை நாவலின் கணக்கில் எழுதுவது அநியாயம். முன்பக்கத்தில் வரைபடம் இருந்தாலோ பின்னால் பெயர்ப்பட்டியல் இருந்தாலோ போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கப் போனால் வரக்கூடாத செய்தி கண்ணில் படும். ‘இன்னாரின் விதவை’ என்று பட்டியலில் இருந்தால் கதை போச்சு. கற்பனைப் பெயர்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டலை முதல் முறை வரும்போதே முடிவுசெய்து கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஒரே மந்திரவாதி மூன்று விதமாக எழுதப்பட்டால் ஆறு மாதம் கழித்து மூன்று ஆட்களாகத் தெரிவார்.

எந்த உணர்ச்சி என்று பெயர் சொல்வது

‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிட்டால் கொப்பி வைத்தும் பயனில்லை. நம்மிடம் இதற்குத் தயாராக ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நந்நான்கு காரணங்களும் தருகிறது. பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்த சூத்திரங்கள்தான். ஒரு பறவைநாகம் வானத்தை மூடும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உயிர் பெற்று எழும்.

மருட்கையை எடுங்கள். வியப்புத்தான் மிகுபுனைவின் சோறு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து வரும் என்கிறது தொல்காப்பியம். இதுவரை காணாதது புதுமை; அளவில் பெரியது பெருமை; நம்பமுடியாத அளவுக்கு நுண்ணியது சிறுமை; ஒன்று இன்னொன்றாகத் திரிவது ஆக்கம். துண்டில் ‘வியப்பு’ என்று மட்டும் எழுதாமல் இந்த நான்கில் எது என்றும் எழுதுங்கள். நாலைந்து நாவலுக்குப் பின் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ருசி தெரியும். சிலருக்கு மலைபோன்ற கோட்டைகள் ஒன்றும் செய்வதில்லை. ஒரு பெண் பறவையாகும் அரைப்பக்கத்தில் மயிர்க்கூச்செறியும். அவர்களைத் தொடுவது ஆக்கம். அடுத்து எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இங்கே இறை என்பது அரசன். இளையோருக்கான கொடுங்கோல் உலக நாவல்களில் நம்மை நடுங்கவைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிக் காரணம், பேய்க்கதைகளில் அணங்கு. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைக்கழித்தல், கொல்லல். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு (பழைய நிலை கெடுதல்), வறுமை. கதாபாத்திரம் இறந்ததற்கு வந்த அழுகையும் அவமானப்பட்டதற்கு வந்த அழுகையும் வேறு வேறு. முன்னது இழவு, பின்னது இளிவு. எழுத்தாளர் அவற்றைக் கட்டிய விதமும் வேறாக இருக்கும்.

முதலெழுத்துகளையே குறியாக வையுங்கள்: ந, அழு, இ, ம, அச், பெ, வெ, உ. எட்டில் அடங்காத குழப்பத்துக்கும் சலிப்புக்கும் இரண்டு குறி கூட்டுங்கள். அதே இயலில் பின்னால் வரும் நீண்ட பட்டியலில் ஐயம், மடிமை (சோம்பல்) என்ற சொற்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்தாளலாம். சலிப்பைக் குறிக்க வெட்கப்படவேண்டாம். எந்த வரியில் போனை எடுத்துப் பார்த்தீர்களோ அந்தப் பக்கத்தில் ஒரு துண்டு.

ஒரு துண்டுக்கு மூன்று வரிக்கு மேல் எழுதக் கூடாது: குறி, காரணம், யார்மேல். மூன்றாவதைத்தான் பலர் விடுகிறார்கள். ‘வெ, கொலை’ என்று எழுதினால் கோபம் கொன்றவன்மேலா, அதை அவசரமாக எழுதித் தள்ளிய ஆசிரியர்மேலா? வில்லன்மேல் வந்த கோபம் நாவலின் வெற்றி. ஆசிரியர்மேல் வந்தது அதன் குறை. இரண்டும் ஒரே சொல்லில் கலந்தால், நாவல் சரியாகச் செய்த ஒன்றுக்கே அதைத் திட்டி எழுதுவீர்கள்.

நம்பிக்கை உடையும் பக்கம்

இதற்குத் தனிக் குறி, ஒரு பெருக்கல் அடையாளம். ஆங்கில மிகுபுனைவு எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1939இல் மாயக்கதைகளைப் பற்றி ஆற்றிய உரையில், கதைசொல்லி ஓர் இரண்டாம் உலகத்தை ஆக்குகிறார், அதற்குள் இருக்கும்வரை அதன் சட்டப்படி அதை நம்புகிறோம், ஐயம் எழுந்த கணத்தில் மாயம் முறிந்து வெளியே நிற்கிறோம் என்றார். நீங்கள் வெளியே விழுந்த பக்கத்தைக் குறியுங்கள். காரணங்கள் பொதுவாக மூன்று. மந்திரத்துக்கு ஒரு விலை உண்டு என்று சொல்லிவிட்டு நாயகனுக்கு மட்டும் அதைத் தள்ளுபடி செய்வது. அதுவரை பேச்சில்லாத ஒரு சக்தி கடைசி நிமிடத்தில் வந்து காப்பாற்றுவது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய உலகத்தவர் திடீரென்று இன்றைய நகர்ப் பிள்ளைகளைப்போலப் பேசுவது. முதலாவதை எழுதுமுன் சட்டம் சொல்லப்பட்ட பக்கத்தைத் தேடிப் பாருங்கள். பல தடவை விதிவிலக்கு அங்கேயே இருக்கும், வேகத்தில் நாம் தாண்டியிருப்போம்.

இன்னொரு விலகலும் உண்டு. 1990இல் ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்க அறிஞர், புத்தகங்கள் பிள்ளைகளுக்குச் சாளரமாகவும் கண்ணாடியாகவும் இருக்கவேண்டும் என்று எழுதினார்: பிறர் வாழ்வைக் காட்டும் சாளரம், தன் வாழ்வைக் காட்டும் கண்ணாடி. கொட்டாஞ்சேனையில் இருந்து வாசிக்கும் ஒரு பிள்ளைக்குப் பனியும் ஓக் மரமும் சாளரம். ஆனால் கறுத்த தோலும் வெயில் தேசமும் எதிரிப் படைக்கு மட்டும் என்று வரும்போது அந்தச் சாளரம் கண்ணாடியாகித் தவறான முகத்தைக் காட்டும். அங்கே நெஞ்சில் ஒரு முள் தைத்தால் அதையும் துண்டில் எழுதுங்கள். ‘கதைதானே’ என்று விழுங்கவேண்டாம். அது எந்தக் குறைக்கும் சமமான வாசக அனுபவம்.

பதினாறு வயதோடு வாசித்தல்

இளையோர் நாவல்களில் பெரும்பகுதி ‘நான்’ என்று தன்மையில், சிலவேளை நிகழ்காலத்தில் சொல்லப்படும். கதைசொல்லிக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. ஆகவே ‘இவள் ஏன் இப்படி மடத்தனமாக நடக்கிறாள்’ என்று எரிச்சல் வந்தால், அந்தப் பக்கத்தில் அவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு வரி எழுதிப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். முப்பது தாண்டியவர்கள் கொப்பியில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அந்த வயதில் எப்படிப் பட்டிருக்கும், வலப்பக்கம் இன்று எப்படிப் படுகிறது என்று எழுதலாம். தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் நான்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதற்காதலில் தடுமாறும் பையனைக் கண்டு வந்த சிரிப்பு எள்ளலா, இளமையா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதினால் உங்கள் குறிப்பின் குரலே மாறும்.

உயர்தர வகுப்புப் பிள்ளை இப்படி ஒரு கொப்பி வைத்தால் பெற்றோரும் ஆசிரியரும் அதைத் திருத்தக் கூடாது. சிவப்புப் பேனை பட்ட மறுநாளிலிருந்து பிள்ளை, மற்றவர் கேட்க விரும்புவதை எழுதும்.

மூடிய பிறகு

அன்றிரவே துண்டுகளைப் பார்க்காமல் ஐந்து வரி. அதுவரை வேறெவரின் விமர்சனத்தையும் வாசிக்காதீர்கள். மற்றவரின் நல்ல வாக்கியம் ஒன்று நம் உணர்ச்சியின் இடத்தில் உட்கார்ந்தால் எழுப்புவது கடினம். அடுத்த நாள் ஃபேனை நிறுத்திவிட்டுத் துண்டுகளைப் பக்க வரிசையில் மேசையில் பரப்புங்கள். எங்கே நெருக்கமாக இருக்கின்றன? 60 பக்கத்துக்கு ஒன்றுமே இல்லாத வெளி எங்கே? அந்த வெற்றிடத்தை மறுபடி புரட்டுங்கள். ஒன்று நாவல் தளர்ந்திருக்கும், இல்லையேல் குறிப்பெடுக்க மறக்கும் அளவுக்கு உள்ளே இழுத்திருக்கும். வேறுபாடு இரண்டு பக்கம் வாசித்தாலே தெரியும்.

ஏழு நாள் கழித்து 15 நிமிடம்: எந்தக் காட்சி தானாக நினைவுக்கு வருகிறது? அதைத் தொடக்கமாக வைத்து 300 சொல்லில் ஒரு குறிப்பு எழுதலாம். காட்சி, அது எழுப்பிய மெய்ப்பாடு, எழுத்தாளர் அதை எப்படிக் கட்டினார், எங்கே உடைந்தது. கதைச்சுருக்கம் 40 சொல்லைத் தாண்டக் கூடாது. முடிவைச் சொல்லாமல் எழுதமுடியாவிட்டால் முதல் வரியிலேயே எச்சரித்துவிடுங்கள்.

தொடர் நாவல் என்றால் ஒரு பாகம் முடிந்த உடனே, யார் உயிரோடு, யார் எங்கே, எந்த முடிச்சு அவிழவில்லை என்று பத்து வரி. அடுத்த பாகம் கைக்கு வர ஒரு வருடமும் ஆகலாம். நடுப்பாகத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை என்று குறைசொல்லுமுன், அது தனி நாவலாக எழுதப்பட்டதா என்று பாருங்கள். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஒரே நாவலாக எழுதப்பட்டு, 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதன் நடுத்தொகுதியைத் தனியே எடைபோடுவது ஒரு வீட்டின் நடு அறையை மட்டும் பார்த்து வாசல் இல்லை என்பதைப் போன்றது.

துண்டுகளை ஒரு கடித உறையில் இட்டு, உறைமேல் வாசித்த மாதத்தையும் வருடத்தையும் எழுதிக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டிவிடுங்கள். சில வருடம் கழித்து அதே நாவலை மறுபடி எடுத்தால் புதுத் துண்டுகளை நீலப் பேனையால் எழுதுங்கள். பழைய உறையைக் கடைசிப் பக்கம் வாசித்து முடித்த பின்பே திறவுங்கள்.