12,34,56,789: ஒரு பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது எப்படி?

ஓர் எண்ணுக்கு எத்தனை வகுத்திகள், அவற்றின் கூட்டுத்தொகை என்ன, அது நிறைவெண்ணா (அதாவது, தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணுக்கே சமமா) என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதன் பகாக் காரணிகளில் இருக்கிறது. ஆகவே முதலில் எண்ணை உடைக்க வேண்டும். 12,34,56,789-ஐ எடுத்துக்கொள்வோம். தாளும் சாதாரண கால்குலேட்டரும் போதும்.

படி 1: எளிய சோதனைகள்

கடைசி இலக்கம் 9. எனவே 2, 5 இரண்டாலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 45. அது 9-ஆல் வகுபடுவதால் நம் எண்ணும் 9-ஆல் வகுபடும். வகுத்தால் 1,37,17,421. இதன் இலக்கக் கூட்டுத்தொகை 26 என்பதால், 3 இனி வராது.

படி 2: மீதியை உடைப்பது

பலர் சலித்துப்போய் விட்டுவிடும் இடம் இதுதான். 7, 11, 13 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனால், சரியாக 500 முறை தோற்ற பிறகுதான் விடை கிடைக்கும். அவ்வளவு பாடுபட வேண்டாம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு குறுக்கு வழி கண்டார். பள்ளியில் படித்த x² − y² = (x − y)(x + y) நினைவிருக்கிறதா? அதேதான். நம் எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணிகள் தாமாக வந்துவிடும்.

1,37,17,421-இன் வர்க்கமூலம் 3703-ஐச் சற்றுத் தாண்டுகிறது. எனவே 3704-இல் தொடங்குங்கள்.

3704² = 1,37,19,616. நம் எண்ணைக் கழித்தால் 2,195. இது முழு வர்க்கமல்ல.

3705² = 1,37,27,025. கழித்தால் 9,604. இது 98²!

இரண்டாவது முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. 3705 − 98 = 3607; 3705 + 98 = 3803. எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத கணம் இது. காரணிகள் இரண்டும் அருகருகே இருப்பதால்தான் இவ்வளவு விரைவு. வெகுதூரம் விலகியிருந்தால் இந்த முறையும் நெடுநேரம் இழுக்கும்.

படி 3: இவை பகா எண்களா?

வர்க்கமூலம் வரை சோதித்தால் போதும். 3607-க்கு 59 வரை, 3803-க்கு 61 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பாருங்கள். எதுவும் மீதியின்றி வகுக்காது. ஆக,

12,34,56,789 = 3² × 3607 × 3803

படி 4: பண்புகள்

அடுக்குகள் 2, 1, 1. ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்கினால் 3 × 2 × 2 = 12 வகுத்திகள். அவற்றின் கூட்டுத்தொகை (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 17,84,22,816. இதிலிருந்து அந்த எண்ணையே கழித்தால் 5,49,66,027. இது எண்ணைவிடச் சிறியது. எனவே நம் எண் நிறைவெண் அல்ல, குறைவெண்.

பயிற்சிக்கு, பெர்மாவே 1643-இல் உடைத்துக் காட்டிய 2,02,76,51,281-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 45,030-இல் தொடங்கினால் பன்னிரண்டாவது முயற்சியில் விடை கிடைக்கும்.