டிராகன்ஸ் டாக்மா: இரண்டு பாகங்களையும் ஒரே பயணத்தில் ஒப்பிடுவது எப்படி

“அண்ணா, ரெண்டுல எதுண்ணா பெஸ்ட்?” என்று தங்கை கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் கேட்டது ‘டிராகன்ஸ் டாக்மா’ என்ற கேமின் இரண்டு பாகங்களைப் பற்றி. அவள் இரண்டாம் பாகத்தை முடித்திருந்தாள், முதல் பாகத்தைத் தொட்டதே இல்லை. எனக்கோ முதல் பாகம் என்றால் உயிர். 2016இல் அது கணினிக்கு வந்ததிலிருந்து மூன்று முறை முடித்திருக்கிறேன். நான் வாயைத் திறந்தால் பழகிய பாசம்தான் பேசும். அதனால் இரண்டையும் முதலிலிருந்து ஆரம்பித்து, பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு விளையாடினேன். நான் செய்த விதத்தை எழுதுகிறேன். தொடர்ச்சி வந்த எந்த ஆர்பிஜிக்கும் (ஒரு பாத்திரத்தை ஏற்று, வளர்த்து ஆடும் கேம்) இது உதவும்.

முதலில், எந்தப் பதிப்பு என்று பாருங்கள். முதல் பாகம் 2012இல் வந்தது. அடுத்த வருடமே ‘டார்க் அரைசன்’ என்ற விரிவாக்கத்தோடு மறுபடி வந்தது. இன்று பெரும்பாலும் கிடைப்பது அதுதான். கணினிப் பதிப்பில், நினைத்த ஊருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் தாவ வைக்கும் தீராத ஃபெர்ரிஸ்டோன் ஒன்று ஆரம்பத்திலேயே உங்கள் பெட்டியில் இருக்கும். ஒப்பிடுவதாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். இரண்டாம் பாகத்தில் ஒரு கல்லின் விலை 10,000 பொன், ஒருமுறை பயன்படுத்தினால் போயிற்று. ஒன்றில் பறந்துகொண்டும் இன்னொன்றில் நடந்துகொண்டும் இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

அடுத்து, இரண்டிலும் ஒரே தொழிலை, அதாவது உங்கள் பாத்திரம் சண்டை போடும் வகையை, எடுங்கள். நான் எடுத்தது ஃபைட்டர்: கத்தி, கேடயம். குறுங்கத்தியும் வில்லும் பிடிக்கும் ஸ்ட்ரைடரை எடுத்தால் கணக்கு உதைக்கும், ஏனென்றால் இரண்டாம் பாகத்தில் அது தீஃப், ஆர்ச்சர் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. கூலிக்கு எடுக்கும் பான்களும் (கேமே இயக்கும் துணை வீரர்கள்) உங்கள் லெவலிலேயே இருக்கட்டும். லெவல் கூடின பானை அழைத்தால் சண்டை முழுவதையும் அதுவே முடித்துவிடும், உங்களுக்கு எழுத ஒன்றும் மிஞ்சாது.

இனி பயணம். அதிர்ஷ்டவசமாக, இரண்டு கேமிலும் ஆரம்பத்திலேயே தலைநகருக்குப் போகும் பாதை ஒன்று உண்டு, இரண்டிலும் மாட்டுவண்டி உண்டு. முதல் பாகத்தில் ஹைட்ரா என்ற பலதலைப் பாம்பின் வெட்டுண்ட தலையை வண்டியில் ஏற்றி கிரான் சோரனுக்குக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் வண்டியில் உட்கார முடியாது. கூடவே நடந்து, வழிமறிக்கும் காப்லின் என்ற குட்டிப் பூதங்களை விரட்டி, மாட்டைக் காப்பாற்ற வேண்டும். இரண்டாம் பாகத்தில் மெல்வ் என்ற கிராமத்திலிருந்து தலைநகர் வெர்ன்வொர்த்துக்குக் காசு கொடுத்து வண்டியில் ஏறி உட்காரலாம். கண்ணை மூடித் தூங்கினால் பயணம் ஓடிவிடும். ஆனால் நடுவழியில் தாக்குதல் வந்தால் எழுந்து குதிக்க வேண்டும். மாடு செத்தாலோ வண்டி உடைந்தாலோ மிச்ச தூரம் நடைதான். இந்த ஒரு பாதையை இரண்டிலும் போங்கள், முடிந்தால் மதியத்துக்குமேல் கிளம்புங்கள். இருட்டு பிடிக்கும் நேரத்தில் நடுவழியில் இருக்க வேண்டும்.

இருட்டும்போது மூன்று விஷயம் எழுதுங்கள்: கையில் என்ன இருந்தது, எதற்குப் பயந்தீர்கள், எப்படித் திரும்பி வந்தீர்கள். கிராபிக்ஸ், கதை, குரல் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டால் எல்லாவற்றுக்கும் ஏழு, எட்டுதான் விழும்; அதிலிருந்து ஒன்றும் தெரியாது. எனக்கு வித்தியாசம் பிடிபட்டது காயத்தில்தான். முதல் பாகத்தில் எவ்வளவு அடி வாங்கினாலும் சண்டையை நிறுத்திவைத்து, பையைத் திறந்து, நாலு மூலிகையைத் தின்றால் உயிர்க்கோடு நிரம்பிவிடும். இரண்டாம் பாகத்தில் அடி வாங்க வாங்கக் கோட்டின் நுனி கறுத்துப்போகும். அந்தப் பகுதியைச் சாதாரண மருந்துகள் மீட்காது. சத்திரத்திலோ கூடாரத்திலோ தூங்கினால் திரும்பும். என் நோட்டில் அன்று எழுதியிருந்தேன்: “கூடாரம் யார் முதுகில்? ஃபைட்டர் பானிடம். அது கனம். அதனால் விளக்கெண்ணெயைக் குறைத்தேன்.” இந்த மாதிரி ஒரு வரி முதல் பாகத்துப் பக்கத்தில் எங்குமே இல்லை.

இன்னொன்று கிரிஃபின், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட பறக்கும் மிருகம். இரண்டிலும் அதன் மேல் ஏறலாம், இறக்கையில் தீ வைத்தால் கீழே விழும். இரண்டாம் பாகத்தில் நான் கழுத்து மயிரைப் பிடித்துத் தொங்கியபடியே இருந்தேன். அது மேலே கிளம்பி, நான் பார்த்தே இராத ஒரு பாறைமேல் இருந்த தன் கூட்டில் போய் இறங்கியது. பான்கள் மூன்றும் எங்கோ கீழே. உயிர்க்கோட்டில் பாதி கறுப்பு. அங்கிருந்து நடந்தே ஊர் சேர்ந்த அரைமணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

அதற்காக முதல் பாகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பயணத்தை முடித்த பிறகு ஸ்ட்ரைடரை எடுத்து ஒரு மணி நேரம் சண்டை போடுங்கள். குறுங்கத்திக்கு மூன்று, வில்லுக்கு மூன்று என ஆறு வித்தைகள் ஒரே நேரத்தில் கையில் இருக்கும். இரண்டாம் பாகத்தில் எந்தத் தொழிலானாலும் நாலுதான். இது எனக்குப் பெரிய இழப்பு. டார்க் அரைசனில் வரும் பிட்டர்பிளாக் தீவு மாதிரி ஆழமான, கொடூரமான பாதாளமும் இரண்டாம் பாகத்தில் கிடையாது. இரண்டாம் பாகத்தின் நிலம் முதல் பாகத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு பெரிது என்று இரண்டு பாகங்களையும் இயக்கிய ஹிதேயாகி இட்சுனோ சொல்லியிருந்தார். ஆனால் அந்த நிலத்தில் திரும்பத் திரும்ப அதே காப்லின், அதே ஹார்பி (பாதி பெண், பாதி பறவை).

உங்கள் கணினி சுமாரானது என்றால் இதையும் குறித்துவையுங்கள்: வெர்ன்வொர்த் கடைத்தெருவில் கூட்டத்துக்குள் நுழைந்தால் படம் திணறும், காட்டுக்கு வந்தால் சரியாகிவிடும். அந்தக் கோபத்தோடு ஊரைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். உடனே மாறினால் முதல் பாகத்தின் பட்டன் பழக்கம் விரலில் இருக்கும். தவறு கைமேல் இருக்கும், கேம்மேல் பழி விழும்.

தங்கைக்கு என் பதில்: பாதைக்கு இரண்டாவது, கத்திக்கு முதலாவது. அவள் அதை ஏற்கவில்லை, நோட்டை வாங்கிக்கொண்டு தானே முதல் பாகத்தை ஆரம்பித்துவிட்டாள். நேற்று இரவு அவள் எழுதிய முதல் வரி: “ஆத்துல இறங்கினேன், விளக்கு அணைஞ்சிடுச்சு. ஒண்ணுமே தெரியலை. பக்கத்துல யாரோ மூச்சு விடுறாங்க.”